இடப்பள்ளி அல்வா

அம்மா இறந்து ஐந்து மாதம் கழித்து, ஒரு ஜூன் மாதத்தில், மட்டாஞ்சேரியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்தேன். அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. அம்பாசமுத்திரத்தில் நானும் அம்மாவும் இருந்த வீட்டுக்கு அண்ணன் குடும்பத்தோடு குடிவந்துவிட்டார். சண்டை எதுவும் இல்லை. என் அறையில் அவருடைய மகளின் கட்டிலைப் போட்டார்கள், என் புத்தகங்களைப் பெட்டியில் கட்டி மாடிக்கு ஏற்றினார்கள், அவ்வளவுதான். இனி அந்த வீட்டுக்கு நான் விருந்தாளியாகத்தான் போக முடியும். விருந்தாளி என்றால் யாராவது அழைக்கவும் வேண்டும்.

கொச்சங்காடியில் ஒரு கிடங்கின் மேல்மாடியில் அறை கிடைத்தது. கீழே சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருப்பார்கள். முதல் வாரம் முழுக்கத் தும்மிக்கொண்டிருந்தேன். பிறகு என் புடவைகளிலும் அந்த வாசனை ஏறிவிட்டது. வகுப்பில் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஆசிரியர் அறையில் என்னையும் சேர்த்துப் பதினாலு பேர். நடுவில் ஒரு நீளமான மேஜை. அவர்கள் வேகமாகப் பேசும் மலையாளத்தில் பாதிதான் எனக்குப் புரியும். புரிந்த பாதிக்குச் சிரிப்பேன், புரியாததற்கும் சேர்த்துச் சிரிப்பேன். அந்த மேஜைக்கு ஒரு வழக்கம் இருந்தது. யார் விடுப்பில் ஊருக்குப் போனாலும் திரும்பி வரும்போது எல்லாருக்கும் ஏதாவது கொண்டு வரவேண்டும். ஒருவர் நேந்திரங்காய் வறுவல் கொண்டு வருவார், ஒருவர் பலாப்பழ வற்றல், ஒருவர் வீட்டில் செய்த அச்சப்பம். யாரும் கேட்கமாட்டார்கள். திங்கட்கிழமை காலை பொட்டலம் மேஜையில் இருக்கும், இடைவேளைக்குள் காலியாகிவிடும்.

என்னிடம் மட்டும் வாய்விட்டுக் கேட்டார்கள். ஓண விடுமுறைக்கு முந்தின நாள், மேஜையின் தலைப்பக்கம் உட்காரும் காமர்ஸ் டீச்சர் என்னைப் பார்த்து, "டீச்சர் திருநெல்வேலி பக்கமல்லே? அப்போ வரும்போ அல்வா கொண்டு வரணும். மறக்கருது கேட்டோ!" என்றார். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். சேர்ந்த இத்தனை நாளில் அந்த அறை முழுக்க என்னைப் பார்த்தது அப்போதுதான். "கண்டிப்பா கொண்டு வர்றேன்" என்றேன்.

ஊருக்குப் போகிறேன் என்று நானாகச் சொல்லவில்லை. போவேன் என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

அந்தப் பத்து நாளும் அறையிலேயே இருந்தேன். அண்ணனிடமிருந்து அழைப்பு வரும் என்று முதல் இரண்டு நாள் கைபேசியைத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அண்ணி ஒரு பூக்கோலத்தின் படத்தை அனுப்பியிருந்தார், 'ஓணம் வாழ்த்துகள்' என்று, ஏதோ நான் மலையாளி ஆகிவிட்டது போல. திருவோணத்தன்று கீழே கிடங்கும் பூட்டிக் கிடந்தது. மூட்டை இறக்குகிறவர்களின் சத்தம்கூட இல்லை. தெருவில் இருந்த வீடுகளிலிருந்து சாம்பார் மணமும் பப்படம் பொரியும் மணமும் வந்தன. நான் ரசம் வைத்து, இரண்டு நாளைக்கு அதையே சாப்பிட்டேன்.

பள்ளி திறக்க ஒரு நாள் இருக்கும்போதுதான் அல்வா நினைவு வந்தது. மட்டாஞ்சேரியில் கேட்டால் கோழிக்கோட்டு அல்வாவைத்தான் காட்டினார்கள். இடப்பள்ளியில் ஒரு பெரிய மாலில் எல்லா ஊர்ப் பலகாரமும் கிடைக்கும் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். படகு ஏறி எர்ணாகுளம் போனேன். வல்லார்பாடத்தில் சரக்குப் பெட்டிகளைத் தூக்கும் ராட்சத இயந்திரங்கள் தூரத்தில் ஓய்ந்து நின்றன. எர்ணாகுளத்திலிருந்து மெட்ரோவில் இடப்பள்ளி. குடும்பம் குடும்பமாக ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற அந்த மாலின் மேல்தளத்தில், ஒரு கடையில் 'திருநெல்வேலி அல்வா' என்று எழுதிய அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. இரண்டு வாங்கினேன். அறைக்கு வந்து பார்த்தால் பெட்டியின் அடியில் ஒட்டுத்தாள். அதில் கொச்சி விலாசம். வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தி, நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். முழுதாக உரிந்து வர அரைமணி நேரம் ஆனது. வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக ஒரு பொய்யை நான் செய்ததில்லை.

மறுநாள் மேஜையில் வைத்ததும் காலியானது. "அடிபொளி!" என்றார் காமர்ஸ் டீச்சர், கையை நக்கியபடி. "ஊர்ல எல்லாருக்கும் சுகம்தன்னே?" என்று யாரோ கேட்டார்கள். "சுகம்" என்றேன்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் பூஜை விடுமுறை வந்ததும், "அல்வா டீச்சர் எப்போ புறப்படறாங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மறுபடியும் ஒட்டுத்தாளைச் சுரண்ட எனக்கு மனமில்லை. நிஜமாகவே போய்விட்டு வருவது என்று முடிவு செய்தேன். பகல் ரயிலில் நாகர்கோவில் போய், ஒரு லாட்ஜில் தங்கி, காலையில் பேருந்து பிடித்துத் திருநெல்வேலி போய்ச் சேர்ந்தேன். ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் வரிசையில் நின்று இரண்டு கிலோ அல்வா வாங்கினேன். சூடு பொட்டலத்தைத் தாண்டிக் கையில் தெரிந்தது.

புதிய பேருந்து நிலையத்தில் பாபநாசம் பேருந்து நின்றுகொண்டிருந்தது. ஏறினால் ஒரு மணி நேரத்தில் எங்கள் ஊர். நடத்துநர் என் பெட்டியைப் பார்த்து, "அம்பாசமுத்திரமா? ஏறுங்கக்கா, உள்ள சீட் இருக்கு" என்றார். எப்படிக் கண்டுபிடித்தாரோ. "இல்லண்ணே, வேற பஸ்" என்றேன். அந்தப் பேருந்து கிளம்பி, வளைவில் திரும்பும்வரை நின்று பார்த்தேன். பிறகு நாகர்கோவில் பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை.

அந்த அல்வாவைத் தின்ற காமர்ஸ் டீச்சர் உதட்டைப் பிதுக்கினார். "இது கையில ஒட்டுதல்லோ. நெய்யும் கூடுதல். முன்னே கொண்டு வந்ததுதான் நல்லது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். திரும்பும்போது வராந்தாவில் கெமிஸ்ட்ரி டீச்சர் நின்றிருந்தார். அவர் மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். பல தலைமுறைக்கு முன்னால் தமிழ்நாட்டிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். வீட்டில் தமிழ் பேசுவார்கள். அதை எழுதப் படிக்கத்தான் தெரியாது. அதுவரை அவர் என்னிடம் அதிகம் பேசியதில்லை.

"ஒரு காரியம் கேட்டா கோவிக்க மாட்டீங்களே?" என்றார்.

"சொல்லுங்க."

"ஓணத்துக்கு டீச்சர் ஊருக்குப் போகலை அல்லே?"

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"திருவோணத்துக்கு மறுநாள் மீன் வாங்கப் போறப்ப பார்த்தேன். நீங்க மாடியில துணி காயப் போட்டுக்கிட்டு நின்னீங்க. கூப்பிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் தோணுச்சு, ஊருக்குப் போறவங்கன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருக்கிற ஆளு இங்க நிக்கிறாங்கன்னா, நான் பார்த்ததாக் காட்டிக்கறது சரியில்லன்னு."

"அப்புறம் அந்த அல்வாவையும் சாப்பிட்டீங்களே?"

"தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு." கொஞ்சம் தயங்கி, "இந்தத் தடவை?" என்றார்.

"இந்தத் தடவை நிஜமாப் போனேன்."

"வீட்டுக்கா?"

"கடைக்கு."

மணி அடித்தது, இருவரும் வகுப்புக்குப் போனோம்.

நவம்பரில் காமர்ஸ் டீச்சரின் மகளுக்கு நிச்சயதார்த்தம் முடிவானது. எல்லார் முன்னிலையிலும் அவர் என்னிடம், "டீச்சர் அடுத்த தடவை போகும்போ அஞ்சு கிலோ வேணும். முதல்ல கொண்டு வந்தீங்களே, அந்தக் கடையிலிருந்து" என்றார். இதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அது ஊரிலிருந்து வந்ததில்ல டீச்சர், இடப்பள்ளியில வாங்கினது. நான் ஓணத்துக்கு எங்கேயும் போகலை. எனக்குப் போக வீடு இல்ல" என்று சொல்லிவிட்டேன். கடைசி வாக்கியத்தைச் சொல்ல நினைக்கவே இல்லை; அதுவாக வந்துவிட்டது.

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். காமர்ஸ் டீச்சரின் முகம் சிவந்துபோனது. "ஐயோ, சாரமில்ல, பரவாயில்ல" என்று என் தோளைத் தட்டினார். அவர் கெட்டவர் அல்ல. அன்று முதல் எல்லாரும் என்னிடம் மிக மரியாதையாக நடந்துகொண்டார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. மேஜைக்கு வரும் பொட்டலத்திலிருந்து முதல் பங்கை எனக்கு எடுத்துவைத்தார்கள், நோயாளிக்கு எடுத்துவைப்பது போல. டிசம்பரில் 'கிறிஸ்மஸ் ஃப்ரெண்ட்' சீட்டு போட்டார்கள். யார் பெயர் நமக்கு வருகிறதோ அவருக்கு நாம் யாரென்று சொல்லாமல் பரிசு கொடுக்க வேண்டும். சீட்டுகள் இருந்த கிண்ணம் என்னைத் தாண்டிப் போனது. காமர்ஸ் டீச்சர் குனிந்து, என் காதருகில் மெதுவாகச் சொன்னார்: "டீச்சருக்கு சிரமம், புத்திமுட்டு ஒண்ணும் வேண்டாம்னு நினைச்சோம். கேக் முறிக்கும்போ வந்தா மதி, அது போதும்."

தலையாட்டினேன். அல்வா கேட்டு நச்சரித்த நாட்களில் நான் அந்த மேஜையில் ஒருத்தியாக இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. கேக் வெட்டிய அன்று பதிமூன்று பேர் பரிசைப் பிரித்து, கொடுத்தவர் யாரென்று ஊகித்து, கூச்சல் போட்டார்கள். நான் காகிதத் தட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்று கிளம்பும்போது கெமிஸ்ட்ரி டீச்சர் வாசலில் வழிமறித்தார்.

"டீச்சரே, ஞாயிற்றுக்கிழமை உச்சைக்கு எங்க வீட்டுக்குச் சாப்பிட வரணும். ஒண்ணு சொல்லிடறேன், வெறுங்கையோட வரக் கூடாது."

"என்ன கொண்டு வரட்டும்?"

"அதெல்லாம் நான் சொல்ல மாட்டேன். எங்க மாமியார் முகத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடி கையைத்தான் பார்ப்பாங்க. அவ்வளவுதான் சொல்வேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை கடைத்தெருவில் இரண்டு முறை மேலும் கீழும் நடந்தேன். இனிப்புக் கடைப் பக்கமே போகவில்லை. கடைசியில் ஒரு தள்ளுவண்டியில் ஆரஞ்சு வாங்கினேன். அவர்கள் வீடு குறுகலான சந்துக்குள் இருந்தது. மாமியார் நிஜமாகவே முதலில் பையைத்தான் பார்த்தார். வாங்கி, அங்கேயே ஒரு பழத்தை உரித்து, சுளையை வாயில் போட்டார். முகம் கோணியது.

"புளிச்சுப் போச்சே மோளே! யார்கிட்ட வாங்கின?"

"தள்ளுவண்டியில, உம்மா."

"உன் முகத்தைப் பார்த்தே அவன் ஏமாத்தியிருப்பான். அடுத்த தடவை வர்றப்ப என்கிட்ட கேட்டுட்டு வாங்கு."

கெமிஸ்ட்ரி டீச்சர் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். நெய்ச்சோறும் கோழிக்கறியும் போட்டார்கள். மாமியார் என் குடும்பத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய முழங்கால் வலியைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னார். யாரோ ஒருவரின் வலியை இவ்வளவு நேரம் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கிளம்பும்போது ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மிச்சக் கறியைப் போட்டுக் கொடுத்தார்கள்.

நான்கு மணிக்கு நடந்து அறைக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆதலால் கிடங்குகள் பூட்டியிருந்தன. தெருவில் இரண்டு ஆடுகள் மட்டும் சாக்குத் துணுக்குகளை மென்றுகொண்டிருந்தன. கிறிஸ்மஸ் விடுமுறை முடிந்து பள்ளி திறக்க இன்னும் ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளும் யாரும் வரவில்லை, நானும் யார் வீட்டுக்கும் போகவில்லை. டப்பாவைக் கழுவித் துடைத்து மேஜையில் வைத்திருந்தேன். அதை வெறுமனே திருப்பிக் கொடுக்க முடியாது. என்ன செய்து போட்டுக் கொடுப்பது என்று தினமும் காலையில் ஒரு முறை யோசித்தேன்.