இத்தாலிக் காரும் இரண்டு கிலோ முந்நூறும்

என் கணவரின் தங்கை, அதாவது என் நாத்தனார், முப்பத்துநான்கு வருஷம் எடைக்கல் இன்ஸ்பெக்டராக இருந்தாள். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. கடைத்தெருவில் அவளுக்கு 'முள்' என்று பெயர். தராசு முள்ளா, காலில் குத்துகிற முள்ளா என்று கேட்டால், கடைக்காரர்கள் இரண்டுக்கும் தலையாட்டுவார்கள். அவள் தெருமுனையில் திரும்பினாலே எடைக்கற்கள் பயந்துபோய்ப் பத்து கிராம் கூடிவிடும் என்பார்கள். அதை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அவள் வந்துபோன அன்றைக்கு வாங்கின சர்க்கரைக்கு என் வீட்டு டப்பா மூடாது.

அந்த வேலையில் ஒரு விதி. சோதிக்கப் போகிற இடத்தில் யாரிடமும் எதுவும் வாங்கிக்கொள்ளக் கூடாது. பணம் இல்லை, பொருள் இல்லை, ஒரு டீகூட இல்லை. மற்ற இன்ஸ்பெக்டர்கள் டீயை விதியில் சேர்க்கவில்லை. இவள் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டாள். கொதிக்கிற வெயிலில் தன் பாட்டில் தண்ணீரைத்தான் குடிப்பாள். முப்பத்துநான்கு வருஷம் யாரோடும் உட்கார்ந்து ஒரு டீ குடிக்காதவளுக்குச் சிநேகிதம் எங்கிருந்து வரும்? கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று வந்தது. ஒவ்வொரு மாப்பிள்ளையையும் மூன்று முறை பார்க்க வேண்டும் என்றாள். எந்த எடையையும் மூன்று முறை போடாமல் கையெழுத்துப் போட மாட்டாள், அது அவள் பழக்கம். மூன்றாம் முறைக்குள் மாப்பிள்ளைகளுக்கு வேறிடத்தில் பிள்ளையே பிறந்துவிட்டது.

மூன்றாம் மாடியில் அவள் வீடு. சாப்பாட்டு மேசைக்கு நாலு நாற்காலி. அதில் ஒன்றுக்கு மட்டும் கால் ரப்பர் தேய்ந்திருக்கும். மற்ற மூன்றும் கடையிலிருந்து வந்த கோலத்தில் இருக்கும். நான் இப்போது வேறு ஊரில் இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் பேசுவேன். நான் பேச, அவள் கேட்பாள்.

ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, ஒரு பழைய இரும்புக் கடையில் லாரி எடைமேடையைச் சோதிக்கப் போனாள். அப்போது ஒரு கார் வந்து மேடையில் ஏறியது. இத்தாலிக்காரன் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் செய்த பந்தயக் கார். இரண்டே சீட்டு. ஒரு காலத்தில் மிளகாய்ப்பழச் சிவப்பாக இருந்து, வெயிலில் வெளிறிப்போயிருந்தது. தரையோடு தரையாக இருந்ததால் அங்கே திரிந்த நாய் ஓட்டுகிறவரின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தது. அதில் ஏறுவது ஏறுவதே இல்லை, கிணற்றில் இறங்குவது.

ஓட்டிவந்தவர் மெக்கானிக். பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கினார் சொந்தக்காரர். எழுபது வயசுப் பல் டாக்டர், மனைவி போய் ஆறு வருஷம். இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனதால் கிளட்சை மிதிக்க முடியவில்லை. அந்தக் காரின் கிளட்சை மிதிப்பது ஆட்டுக்கல்லை மிதிக்கிற மாதிரி. விற்றுவிடலாம் என்று முடிவுசெய்து, விற்பனைக் காகிதத்துக்காக எடை போட வந்திருந்தார்.

காரின் பழைய புத்தகத்தில் எடை தொள்ளாயிரத்து நாற்பது கிலோ என்று அச்சிட்டிருந்தது. மேடையும் தொள்ளாயிரத்து நாற்பது காட்டியது. லாரி எடைமேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும், அது அவளுக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் காரை மூன்று முறை ஏற்றி இறக்கச் சொன்னாள். மூன்று முறையும் அதே எண்.

"அண்ணி, சொன்ன எடைக்குச் சரியா இருந்த ஒரு பொருளை நான் இந்த வாரம்தான் பார்த்தேன்," என்றாள் ஞாயிற்றுக்கிழமை. அவளாகப் பேச்சை ஆரம்பித்ததே எனக்கு அதிர்ச்சி. "அதை வாங்கலாமான்னு இருக்கு."

"கார் ஓட்டத் தெரியுமா உனக்கு?"

"ஆபீஸ் ஜீப்பை ஓட்டியிருக்கேன்."

"எருமை மேய்ச்சவ குதிரைப் பந்தயத்துக்குப் போறேங்கற. சரி, போய்ப் பாரு."

அடுத்த சனிக்கிழமை டாக்டர் வீட்டுக்குப் போனாள். தோட்டத்துக் கோடியில் தகரக் கொட்டகை, அதற்குள் கார். மெக்கானிக்கும் வந்திருந்தார். வியாபாரத்தைக் கெடுப்பதற்கென்றே பிறந்தவர் போல உண்மையைச் சொன்னார்.

"மேடம், இது கார் இல்ல, புது மாப்பிள்ளை. வாரம் ஒரு தடவை விசாரிக்கலைன்னா முறைச்சுக்கும். மழை ஆகாது, கதவுக்குக் கீழே துரு பூக்கும். வெயில் ஆகாது, சிக்னல்ல நின்னா கொதிக்கும். ஒரு சாமான் உடைஞ்சா இத்தாலியிலேர்ந்து வரணும். அது வந்து சேர்றதுக்குள்ள பிறந்த குழந்தை நடக்க ஆரம்பிச்சுடும்."

"எஞ்சின் ஏன் நொண்டுது?"

"ரெண்டு கார்புரேட்டர் இருக்கு. ரெண்டும் ஒரே அளவு மூச்சு இழுக்கணும். ஒண்ணு கூட இழுத்தா இன்னொண்ணு கோவிச்சுக்கும். சமன் பண்றதுக்குள்ள எனக்குத் தாவு தீர்ந்துடுது."

சமன் என்கிற சொல் காதில் விழுந்ததும் இவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டாள். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும், மறு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்துக் கேட்க வேண்டும். உள்ளே காற்று போகிற இரைச்சல் இரண்டிலும் ஒன்றாக இருக்கிற வரைக்கும் திருகாணியைத் திருக வேண்டும். அதற்கு இன்னொரு ஆள் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை ஆடாமல் அசையாமல் மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். டாக்டரின் வலது காலுக்கு ஒன்றும் குறைவில்லை. அவர் கிணற்றுக்குள் இறங்கினார். இவள் குழாயைக் காதில் வைத்தாள். அரை மணி நேரத்தில் எஞ்சின் நொண்டுவதை நிறுத்தியது. மெக்கானிக் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வாரத்திலிருந்து வருவதையும் நிறுத்திவிட்டார்.

டாக்டர் வீட்டுக்குள் போய் இரண்டு டீ போட்டுக் கொண்டுவந்தார்.

"வேண்டாம், பழக்கமில்லை," என்றாள்.

அவர் தன் டீயைக் குடித்தார். அவள் டீ ஆறிப்போனதும் அதையும் குடித்தார்.

"வாங்கறீங்களா?"

"மூணு தடவை பார்க்காம சொல்ல மாட்டேன்."

இரண்டாம் சனிக்கிழமை போனாள். மூன்றாம் சனிக்கிழமை போனாள். நாலாவதும் போனாள். நான் விடுவேனா?

"ஏம்மா, மூணுக்கு அப்புறம் உனக்கு எண்ணத் தெரியாதா?"

"பிரேக்கை இன்னும் பார்க்கலை அண்ணி."

பிரேக்கைப் பார்த்தாள். பிறகு ரேடியேட்டர், பிறகு கதவுத் துரு, பிறகு முன்விளக்கு. நடுவில் அவளுக்கு ஓய்வு வந்தது. ஆபீஸில் கேக் வெட்டினார்கள். தன் துண்டுக்கான காசை மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். கடைத்தெருவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, தராசுகள்தான் பெருமூச்சு விட்டிருக்கும். அதன்பின் திங்கள் முதல் வெள்ளி வரை அவள் வீட்டில் ஒரு சத்தம் கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை நான் போன் பண்ணியபோது குரல் கரகரவென்று வந்தது. "உடம்பு சரியில்லையா?" என்றேன். "இல்ல அண்ணி, செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் இப்பத்தான் பேசறேன்," என்றாள். நான் உடனே ஒரு ஜோக் சொன்னேன். அதற்கு எனக்கே சிரிப்பு வரவில்லை.

ஆனால் சனிக்கிழமை இருந்தது. காலை பத்து மணிக்குக் கொட்டகைக் கதவு. அவர் மிதிப்பார், இவள் கேட்பாள். இருவரும் அதிகம் பேசியதாகத் தெரியவில்லை. வாயைத் திறக்கச் சொல்லியே வாழ்ந்தவருக்கும் வாயைத் திறக்காமலே வாழ்ந்தவளுக்கும் பேச என்ன இருக்கும்? "கொஞ்சம் கூட்டுங்க." "போதும்." "அப்படியே வைங்க." அதற்குப் பிறகு இரண்டு டீ. ஒன்று சூடாகக் காலியாகும், ஒன்று ஆறிக் காலியாகும்.

இருபத்தாறு சனிக்கிழமை இப்படிப் போயிற்று. இருபத்தாறாவது வாரம் டாக்டர் சொன்னார்: "வெளியூர்லேர்ந்து ஒருத்தர் கேட்டிருக்கார். வர்ற வியாழக்கிழமை லாரியோட வரேங்கறார். நான் உங்களுக்குத்தான் முதல்ல வாக்குக் கொடுத்திருக்கேன். புதன்கிழமைக்குள்ள சொல்லிடுங்க."

அன்றைக்கே எனக்குப் போன் வந்தது, ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல்.

"வாங்கினா ஓய்வுப் பணத்துல பாதி போயிடும் அண்ணி."

"மீதிப் பாதியை வச்சு என்ன பண்ணப் போற, ஊஞ்சல் கட்டி ஆடப் போறியா?"

"வாரா வாரம் பார்த்துக்கணும்."

"இப்ப மட்டும் என்ன பண்றியாம்?"

  அதற்கு அவள் சொன்னாள்:

"வாங்கலைன்னா கார் லாரியில போயிடும், எனக்கு அங்க வேலை இல்ல. வாங்கினா கார் என் கூட வந்துடும், அப்பவும் எனக்கு அங்க வேலை இல்ல. ரெண்டு தட்டும் ஒரே எடையா இருக்கு அண்ணி. மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன்."

 

"அப்ப காரையாவது வச்சுக்கோ," என்றேன்.

வாங்கிவிட்டாள். டாக்டர் சாவியைக் கொடுக்கும்போது காரின் கூரையை ஒரு முறை தடவிப் பார்த்தார், அவ்வளவுதான். வந்து போங்கள் என்று அவர் சொல்லவில்லை. வரட்டுமா என்று இவள் கேட்கவில்லை. நாசூக்கு என்பது சில சமயம் முட்டாள்தனத்துக்கு இஸ்திரி போட்ட பெயர்.

அவள் கட்டடத்தின் அடித்தளத்தில் பதினாலாம் எண் இடம். மேலே ஒரு குழல்விளக்கு, பக்கத்தில் ஒரு தூண். முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குழாயை எடுத்துக்கொண்டு இறங்கினாள். எஞ்சினைக் கிளப்பினாள். அப்போதுதான் உறைத்தது: மிதிக்க ஆள் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்பார்கள். இவள் மாடிக்குப் போய்த் தன் சொந்தப் பித்தளை எடைக்கல் பெட்டியைத் தூக்கிவந்தாள். ஆக்ஸிலரேட்டர்மேல் ஒரு கிலோ வைத்தாள். எஞ்சின் முனகியது. மூன்று கிலோ வைத்தாள். அடித்தளமே அதிர்ந்தது. கல்லை மாற்றி மாற்றி, டாக்டர் மிதிக்கும்போது கேட்ட அதே சத்தம் வருகிற வரைக்கும் வைத்துப் பார்த்தாள்.

மறுநாள் போனில் சொன்னாள்: "டாக்டரோட கால் ரெண்டு கிலோ முந்நூறு, அண்ணி."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதன்பிறகு நானும் நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாம் வாரமும் பித்தளைக் கால்தான். மூன்றாம் வாரம் காரில் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு கார்புரேட்டரும் இரட்டைக் குழந்தை தூங்குகிற மாதிரி ஒரே மூச்சு விட்டன. ஊருக்கு வெளியே ஓட்டிப் போனாள். கார் பறந்தது. சாலையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்துச் சீட்டில் அவள் தண்ணீர் பாட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உருண்டது. அதற்கு சீட் பெல்ட் போட்டுவிட்டாளாம். திரும்பிவந்து விளக்கை அணைக்காமல் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.  மூன்று சனிக்கிழமை, மூன்று முறை எடை போட்டாகிவிட்டது. அவள் வழக்கப்படி இனிக் கையெழுத்துத்தான்.

நாலாம் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு இறங்கினாள். எஞ்சின் மூடியைத் திறந்தாள். சரியாக இருந்த இடது கார்புரேட்டரின் திருகாணியில் திருப்புளியை வைத்து, கால் சுற்றுத் திருப்பினாள். முப்பத்துநான்கு வருஷத்தில் எத்தனை பேருடைய தராசைத் தொட்டிருப்பாள். ஒன்றைக்கூடத் தெரிந்து கெடுத்ததில்லை. திருப்புளி நழுவிக் கீழே விழுந்ததாம். எடுத்து, இன்னும் ஒரு அரைக்கால் சுற்றுத் திருப்பினாள்.

நொண்டிக்கொண்டே கார் ஊரைக் கடந்தது. கொட்டகைக் கதவு திறந்திருந்தது. உள்ளே கார் இல்லாத தரையில் பழைய எண்ணெய்க் கறை. அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு டாக்டர் உட்கார்ந்திருந்தார், செய்தித்தாள் கையில். சத்தத்தைக் கேட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"வண்டி சரியில்ல," என்றாள். "கொஞ்சம் மிதிக்கணும்."

"எடுத்துட்டுப் போறப்ப நல்லாத்தானே இருந்தது?"

"பழைய வண்டி."

அவர் குனிந்து எஞ்சினைப் பார்த்தார். நாற்பது வருஷம் பல்லைப் பார்த்தவர், எது தானாக ஆடியது, எதைக் கைவைத்து ஆட்டினார்கள் என்று தெரியாதவரா? திருகாணித் தலையில் புதுக் கீறல் பளபளத்தது.  செய்தித்தாளை மடித்து ஸ்டூலில் வைத்தார். கதவைப் பிடித்துக்கொண்டு, இடது காலை முதலில் நீட்டி, கிணற்றுக்குள் இறங்கினார்.

"கூட்டவா?"

"கொஞ்சம். போதும். அப்படியே வைங்க."

கால் மணி நேர வேலையை முக்கால் மணி நேரம் செய்தாள். முடிந்ததும் அவர் உள்ளே போய் இரண்டு டீயோடு வந்தார். ஒன்றை எப்போதும் வைக்கிற பலகைமேல் வைத்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்து, ஒரு வாய் குடித்தாள்.

"சர்க்கரை ரொம்ப ஜாஸ்தி," என்றாள்.

"ஆறு மாசமா அப்படித்தான் போடறேன்," என்றார் அவர்.