தூசு பறக்காத கோட்டு

குன்னூரில், எங்கள் பழைய எஸ்டேட்டின் டீ மேக்கர் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால், ஓர் ஆணியில், காக்கி கோட்டு ஒன்று தொங்குகிறது. முழங்கைகளில் அவர் மனைவி வைத்துத் தைத்த ஒட்டு. மேல் பொத்தான் மட்டும் கறுப்பு. போன கார்த்திகை முதல் ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனபோது முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். அவர் ஓய்வு பெற்றுப் பல வருடங்களாகின்றன. நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்ட அவர் மனைவி இறந்தும் ஒரு வருடம் கடந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கோட்டு நேற்று மாலைதான் கழற்றி மாட்டியதுபோல் இருந்தது.

மஞ்சூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் நான் கிளார்க்காக இருந்தேன். சம்பளப் பட்டியல் போடுவதோடு, தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து எழுதும் வேலையும் என்னுடையது. நாள், கிழமை தவறாமல் எதையும் குறித்து வைக்கும் பழக்கம் அங்கே தொற்றியது, இன்னும் விடவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸுக்கு நேர் எதிர்வீடு அவருடையது. இரண்டு வாசலுக்கும் நடுவே ஒரு முற்றம், ஒரு பேரிக்காய் மரம். ஒரு வீட்டில் தாளிப்பது அடுத்த வீட்டுக்குத் தெரியும்.

டீ மேக்கர் என்றால் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பானவர், பேக்டரியின் மூக்கு. அரைத்த இலையைப் பரப்பி வைத்திருக்கும் இடத்தில் அவர் குனிந்து ஒரு கைப்பிடி அள்ளி முகர்வார். பச்சை வாடை போய், பழுத்த ஆப்பிள் போன்ற வாசம் ஏறியதும் "ம்" என்பார். அந்த ஒரு "ம்"முக்குப் பிறகுதான் இலை உலர டிரையருக்குப் போகும். மாலையில் வீடு திரும்பும்போது அந்த வாசமும் பழுப்பு நிறத் தேயிலைத் தூசும் கோட்டில் ஏறியிருக்கும். அக்கா வாசலிலேயே கோட்டை வாங்கி, பேரிக்காய் மரத்தடிக்குக் கொண்டுபோய் இரண்டு உதறு உதறுவார். வெயில் சாய்ந்த நேரமானால் தூசு பொன்னிறமாகப் பறக்கும். பிறகு கோட்டு ஆணிக்குப் போகும். அக்கா அடுப்படிக்குப் போவார். இதில் ஒரு நாளும் மாற்றமில்லை. "அவரு மூக்குக்கு எஸ்டேட்டே பயப்படுது, அக்கா மூக்குக்கு அவரு பயப்படறாரு" என்று என் மனைவி கேலி செய்வாள்.

அவர்களுக்கு மணமாகி இருபது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்த ஒரு வைகாசியில் அது நடந்தது. இலை வந்து குவியும் பருவம். இரவிலும் பேக்டரி ஓடும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் களைத்த முகத்தோடு வந்தார். இரவு முழுக்க பேக்டரியில் இருந்ததாகச் சொன்னார். அக்கா கோட்டை வாங்கி மரத்தடியில் உதறினார். ஒன்றும் பறக்கவில்லை. மறுபடி உதறினார். பிறகு முகத்தருகே கொண்டுபோனார். முந்தின நாள் துவைத்துக் காய்ந்த சோப்பு வாசம் மட்டும் இருந்திருக்க வேண்டும்.

"ஏனுங்க, ராத்திரி கோட்டைப் போட்டுட்டுத்தான் வேலை செஞ்சீங்களா?"

"ஆமா. குளுரு தாங்கலை."

அக்கா கோட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "அப்ப நீங்களே மாட்டிக்குங்க."

எங்கள் வராந்தாவில் பல் துலக்கிக்கொண்டிருந்த எனக்கு அப்போது எதுவும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. ஊட்டியில் தையல் கடை வைத்திருந்த ஒரு பெண்ணிடம் அவர் போய்க்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் தாழ்வாக எழுத எனக்கு உரிமையில்லை. என்னை இன்றும் வியக்க வைப்பது டீ மேக்கர் செய்த தவறுதான். எஸ்டேட்டிலேயே கூர்மையான மூக்கு அவருடையது. ஆனால் அந்த வாசத்திலேயே வாழ்ந்ததால் தன் மேல் அது இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் பேக்டரி வழியாக ஒரு நடை நடந்துவிட்டு வந்திருப்பார்.

அந்த மாதத்துக்குள்ளேயே அவர் எல்லாவற்றையும் அக்காவிடம் சொல்லி, ஊட்டிப் போக்கையும் நிறுத்திவிட்டார். அக்கா சண்டை போடவில்லை, அம்மா வீட்டுக்கும் போகவில்லை. வேளைக்குச் சோறு இருந்தது. கல்லூரியில் படித்த மகளுக்காக இருவரும் சேர்ந்து பேசினார்கள். கோட்டை மட்டும் அக்கா வாங்கவில்லை. தினமும் மாலையில் அவர் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்கும். பிறகு அவரே மரத்தடிக்குப் போய் உதறிவிட்டு வருவார். ஆண்கள் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கும் விதங்களைப் புத்தகங்களில் நிறையப் படித்திருக்கிறேன். வாசலில் சும்மா நிற்பதைப் போன்ற ஒன்றை எதிலும் படித்ததில்லை.

அக்காவின் நிலை இன்னும் கடினம் என்பதை என் மனைவி சொல்லித்தான் அறிந்தேன். ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே அக்கா சொன்னாராம்: "அந்த நேரமானா கையி தானா நீளுது புள்ள. ஆனா வாங்குனா மோந்து பாப்பேன். மோந்து பாத்துட்டே எத்தனை நாளைக்குக் குடித்தனம் பண்றது? அது இல்லாம வாங்க முடியுற அன்னிக்கு வாங்கிக்கறேன்."

அந்த நாள் வர மூன்றாவது குளிர்காலம் ஆயிற்று. தை மாதம், புதன்கிழமை. என் மனைவி வியாழன் என்பாள், அது தவறு. அந்த வாரம் உறைபனி விழுந்து ஓடையோரச் செடிகள் தொடங்கி மேட்டுச் செடிகள் வரை கருகிவிட்டன. பறிக்க இலை இல்லை. பேக்டரிச் சங்கு ஊதவில்லை. ஆனாலும் டீ மேக்கர் துவைத்த கோட்டை மாட்டிக்கொண்டு, மெஷின்களைப் பார்த்துவிட்டு வருவதாகப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து வழக்கம்போல் வாசலில் நின்றார். நான் முற்றத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா வெளியே வந்து கையை நீட்டினார்.

அவர் கொடுக்கத் தயங்கினார். "இன்னிக்கு எலை இல்ல. கோட்டுல ஒண்ணும் இருக்காது."

"நான் கேட்டனா?"

கோட்டை வாங்கினார். முகத்தருகே கொண்டுபோகவில்லை. மரத்தடிக்குப் போய் உதறினார், எந்த நாளும் இல்லாத அளவுக்கு ஓங்கி உதறினார். ஒன்றும் பறக்கவில்லை. அக்கா திரும்பி வந்தபோது டீ மேக்கர் இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அப்பறம் ஏனுங்க வெளியவே நிக்கறீங்க? பனி கொட்டுது."

அந்த வருடம் செடி துளிர்க்க வெகுநாள் ஆனது. வேலையில்லாத அந்த நாட்களில் இருவரும் மஞ்சூர் கடைவீதிக்கு நடந்தே போய் வந்தார்கள். ஒரு முறை ஜீப் பிடித்து அவலாஞ்சி போனார்கள். திரும்பியபோது அக்கா முகம் வெயிலில் கன்றியிருந்தது. "புதுப்பொண்ணு வந்தாச்சு" என்றாள் என் மனைவி. "போ புள்ள, பல்லு ஆடற வயசுல" என்றார் அக்கா. ஆனால் மறுநாளும் தலையில் பூ இருந்தது.

கார்த்திகை ஞாயிறன்று நான் கிளம்பும்போது டீ மேக்கர் கதவுக்குப் பின்னாலிருந்து கோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இதுல இன்னும் அந்த வாசம் இருக்குதுங்களா? எனக்கு என்னிக்குமே தெரிஞ்சதில்ல. அவதான் சொல்லோணும்."

வாங்கி முகர்ந்து பார்த்தேன். நானும் அந்த எஸ்டேட் வாசத்திலேயே வயதானவன்.

"எனக்கும் தெரியலீங்ணா."

"ஆமா, நீங்களும் நம்ம ஆளுதான்" என்று லேசாகச் சிரித்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தேன். எங்கோ கீழே ஒரு பேக்டரியில் சாயங்காலச் சங்கு ஊதியது. திரும்பிப் பார்த்தேன். கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, படிக்குக் கீழே, கதவைப் பார்த்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார்.