பொழிச்சலூரில் ஆற வைத்த ஆறு குடுவைகள்

2007 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை. செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் நான் ஆய்வக உதவியாளர். மறுநாள் காலை வேதியியல் செய்முறைத் தேர்வு. அதற்கு வேண்டிய ஆறு காய்ச்சி வடிக்கும் குடுவைகளும் அந்த வாரம் என் கை பட்டு உடைந்திருந்தன. என் வேலையோ தற்காலிகமானது. பொழிச்சலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, புதனன்றே போனில் சொல்லி வைத்திருந்தேன்.

காலை 8.10 ரயில், பத்து ரூபாய் டிக்கெட், 9.05க்குப் பல்லாவரம். சந்தைக் கூட்டத்தில் ஷேர் ஆட்டோ நகரவேயில்லை. ஐந்து கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம், ஏழு ரூபாய்.

குடுவைகள் தயார், ஆனால் ஓவனுக்குள். ஊதிய கண்ணாடியை அதில் வைத்து மெல்ல ஆறவிட வேண்டுமாம். நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். துறைத்தலைவியோ ஐந்தரைக்குள் குடுவைகள் மேசையில் இருக்க வேண்டும் என்றிருந்தார்.

காத்திருக்கையில் முதலாளி கதை சொன்னார். அந்த இடம் அவர்களுடைய நெல்வயலாக இருந்ததாம். ஊசிமருந்துக் குப்பி செய்த ஒருவருக்கு அவர் அப்பா ஷெட் போட்டு வாடகைக்கு விட்டிருக்கிறார். அந்த ஆள் தொழிலைக் கைவிட்டபோது பர்னர்களும் தொழிலாளி ஏழுமலையும் இவர்கள் பக்கம் வந்தார்கள். அப்பா டெஸ்ட் ட்யூப், பீக்கர் என்று தொடர்ந்தார். பிறகு கல்லூரிகள் உடையாத சாமான் கேட்கவே, மகனான இவர் பிளாஸ்டிக் சாமான் செய்யும் மெஷின்கள் வாங்கினார். சூடாக்க வேண்டியதை மட்டும் இன்னும் கண்ணாடியில் செய்கிறார்கள். நல்ல கதைதான், என் கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை.

இரண்டரைக்கு மூன்றாம் முறையாக ஏழுமலை அண்ணனிடம் போனேன்.

"ஆக்கப் பொறுத்தீங்கோ, ஆறப் பொறுக்கலியா மேடம்? உள்ள இன்னும் சூடு கீது," என்றார்.

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக் காட்டுங்கண்ணா," என்றேன்.

துணியால் பிடித்து ஒன்றை மேசையில் வைத்தார். டிக் என்று சத்தம். கழுத்திலிருந்து அடிவரை விரிசல். அவர் ஓவனை மூடினார். எனக்குக் கூசிப் போயிற்று.

நான்கு மணிக்கு ஐந்து குடுவைகளோடு கிளம்பி, ஆறு மணிக்குக் கல்லூரி சேர்ந்தேன். ஆறாவது எங்கே என்று துறைத்தலைவி கேட்டார்.

"பேக்கிங் சரியில்ல மேடம். ரயில்ல உடைஞ்சிடுச்சு."

உடனே அவர் கம்பெனிக்குப் போன் போட்டுத் திட்டினார். நான் பக்கத்திலேயே நின்றேன். அந்தப் பக்கம் எடுத்தது ஏழுமலை அண்ணன். "சரி மேடம், பாத்துக்கறோம்," என்று மட்டும் கேட்டது.

மறுநாள் ஒரு மாணவி குடுவைக்காக ஒரு மணி நேரம் காத்திருந்து தேர்வு எழுதினாள்.

போக நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமை வேண்டாம், சந்தை. ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். அவசரமென்றால் போகவே போகாதீர்கள்.

செவ்வாயன்று கல்லூரிக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு குடுவை, பில் இல்லை. துறைத்தலைவி, "திட்டினாத்தான் வேலை நடக்குது," என்றார். நானும் தலையாட்டினேன்.