தலைவரின் ஈரக் கைக்குட்டை

எளாவூர்ப் பக்கம் ஓர் ஊராட்சித் தலைவருக்கு ஒரு வாரம் மட்டும் நான் கார் ஓட்டினேன். வழக்கமான டிரைவருக்குக் காய்ச்சல். தலைவர் குள்ளமானவர். வெள்ளைச் சட்டை கசங்கவே கசங்காது, கண்கள் மட்டும் தூக்கமில்லாமல் வீங்கியிருக்கும்.

திங்கட்கிழமை ஒரு காதுகுத்து, ஒரு குடிநீர்த் தொட்டித் திறப்பு, தொழிற்பேட்டைக் கழிவுநீர் புகுந்த ஒரு தெரு என்று சுற்றினோம். சாயங்காலம் ஒரு சாவு வீடு. லாரி மோதி இறந்தவர். திறப்பு விழாவில் வைத்த சந்தனமும் குங்குமமும் நெற்றியில் இருக்க, தலைவர் அப்படியே உள்ளே போய்விட்டார். நானும் கவனிக்கவில்லை. இறந்தவரின் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு அந்த நெற்றியையே பார்த்தாள்.

மறுநாளிலிருந்து அவர் ஈரக் கைக்குட்டை ஒன்றைக் கையிலேயே வைத்திருந்தார். ஒவ்வொரு வாசலிலும் கண்ணைத் திறக்காமலே கேட்பார்.

"நைனா, இது நல்ல ஊடா, சாவு ஊடா?"

சாவு வீடு என்றால், வெறும் நெற்றியையும் அழுத்தித் துடைப்பார்.

"ஒரு நாளு ஊட்லயே இருங்களேன் தலைவரே" என்றேன்.

"கல்யாணத்துக்குப் போவலன்னா மறந்துடுவாங்க நைனா. சாவுக்குப் போவலன்னா மறக்கவே மாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் காரை நிறுத்தினேன். கண்ணை மூடியபடியே கேட்டார்.

"நைனா, இது நல்ல ஊடா, சாவு ஊடா?"

"உங்க ஊடுதான் தலைவரே."

கண்ணைத் திறந்து வாசலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தலைவர் நெற்றியை அழுத்தித் துடைத்துக்கொண்டு இறங்கினார்.