நாற்பத்தொரு ‘விருப்பமில்லை’

நகரியில் விசைத்தறி ஓட்டுபவரின் மகள் கன்னிகா. படிப்பு பன்னிரண்டாவதோடு நின்றது. திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதச் சேர்ந்தவள், பார்த்துப் பார்த்தே ஆராய்ச்சிப் படிவம் நிரப்பவும், விரல்நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கவும் கற்றுக்கொண்டாள்.

இந்த முறை ஆராய்ச்சி, சர்க்கரை நோய்க்கான ஒரு புது மாத்திரையைப் பற்றியது. சீட்டுக் குலுக்குவதுபோல் கணினி அறுநூறு பேரைப் பிரித்தது. பாதிப் பேருக்குப் புதியது, மீதிப் பேருக்குப் பழையது. மாதாமாதம் இரண்டாம் செவ்வாய், வெறும் வயிற்றில் சோதனை. கன்னிகாவின் பங்குக்கு வந்த பாலசமுத்திரம் பக்கத்து ஊர்களுக்கு அவள் போய்ச் சேர ஒன்பது மணியாகும்.

நடுவில் நின்றுவிட்டவர்களுக்குப் படிவத்தில் மூன்றே கட்டம்: இறந்துவிட்டார், ஊர் மாறினார், விருப்பமில்லை. இரண்டு முறை வீடு பூட்டியிருந்தால் மூன்றாவது கட்டத்தில் குறி போடு என்பது அவளுக்கு முன்பிருந்தவர்கள் சொல்லித்தந்த வழக்கம்; அவளும் அப்படியே போட்டுவந்தாள்.

தை மாதம் அறிக்கை தயாரானது. ‘விலகியவர்கள் நாற்பத்தொரு பேர், சொந்த விருப்பத்தில். மருந்தின் பலன் எல்லாத் தரப்பினருக்கும் ஒன்றே.’ எண்ணிக்கையைச் சரிபார்க்கச் சொன்னார்கள். படிவங்களைத் தொழில்வாரியாக அடுக்கினாள். முப்பத்துநான்கு பேர் கழனிக் கூலிகள்.

அன்றிலிருந்து பூட்டுகள் அவளை விடவில்லை. பஸ்ஸில் கண் மூடினால் வரிசையாகத் தொங்கின. சோறு பிசைகையில், பூட்டிய கதவுக்குள் யாரோ இருமுவதுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, அந்த முப்பத்துநான்கு பேரில் ஒருத்தியான செல்லியம்மாவின் வீட்டுக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. புருஷன் நாகையா வாசலில் வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“இன்னாம்மா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? ஞாயித்துக்கெழம கூட ஆஸ்பத்திரி நடக்குதா?”

“செல்லியம்மாவப் பாக்கணும் நைனா.”

“ஐப்பசியிலயே செத்துப்போயிட்டா.” அவர் கை நிற்கவில்லை. “ரெண்டாஞ் செவ்வான்னா ஒன்னும் துன்னாம கழனிக்குப் போவா. நீ வந்தா ஆளனுப்புவன்னு ரோட்டையே பாத்துக்கினு இருப்பா. வெயில் ஏறுனா மயக்கம் வந்துரும்.”

“வேணாம்னு சொன்னாங்களா?”

“யாரு கேட்டா, அவ சொல்ல?”

கழனி இரண்டு வரப்பு தள்ளித்தான் இருந்தது.

மறுநாள், ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் முரளிதரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். விலகியவர்களின் தொழிலும் காரணமும் அறிக்கையில் வர வேண்டும் என்றாள்.

“குறி போட்டது நீதானம்மா. தப்புன்னு எழுதினா மொதல்ல உன் பேர்தான் வரும். மார்ச்சோட உன் ஒப்பந்தம் முடியுது, அப்புறம் உன்ன வேலைல வெச்சுக்கச் சொல்லி என்னால பேச முடியாது.”

“தெரியும் சார். ஆனா கூலிக்காரங்களுக்கு இந்த மாத்திர ஒத்துக்குதான்னே நமக்குத் தெரியாது. தெரியும்னு எழுதறோம்.”

அவர் பட்டியலை வாங்கி, கழனிக் கூலிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். அறிக்கையைப் பதினைந்து நாள் தள்ளிவைத்தார்.

ஆராய்ச்சிப் படிவத்தில் எதையும் அழிக்கக் கூடாது. ஒரே கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். கன்னிகா செல்லியம்மாவின் படிவத்தில் கோடு இழுத்தாள். ‘நாங்கள் போனது வேலை நேரம். கேட்கவில்லை. ஐப்பசியில் இறந்துவிட்டார்’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். கோட்டுக்கு அடியில் ‘விருப்பமில்லை’ தெளிவாகப் படிக்க முடிந்தது. அடுத்த படிவத்தில் பேனாவை வைக்கவில்லை. அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று போய்ப் பார்க்காமல் எழுத முடியாது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.