கல் வள்ளத்துக்கும் காவல் படகுக்கும் நடுவில்

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் போய்ச் சொல்லும் வேலையில் சொன்னவரும் திட்டுவார், கேட்டவரும் திட்டுவார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இதையும் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்துகொண்டேதான் எழுதுகிறேன். நடுவில் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும்.

எழுபதுகளில் தூத்துக்குடிக் கடலில் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையை வெட்டி, வள்ளம் வள்ளமாகச் சுண்ணாம்பு சுடும் காளவாய்க்குக் கொண்டுபோனார்கள். கடலுக்கடியில் அந்தக் கல் வளரும் இடத்தைப் பார் என்போம். பார் போனால் மீன் ஒதுங்க இடமில்லை. அதைக் காப்பாற்ற ஒரு கல்லூரி வாத்தியார், சங்கு குளிப்பவர்கள், வலைக்காரர்கள், ஒரு அரசாங்க ஆபீஸ் என்று எல்லோரும் சேர்ந்தார்கள். சேர்ந்தார்களே தவிர, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசவில்லை. கரையில் எல்லோரையும் தெரிந்தவள் என்று வாத்தியார் என்னைச் சேதி சொல்ல வைத்தார்.

ஓய்வு நாள்

எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் வலை வைக்கப் போவதில்லை. காலையில் மாதா கோயிலில் பூசை, மத்தியானம் கறிச்சோறு. கடலில் பார்க்க ஆளில்லாத அந்த நாளில்தான் கல் வள்ளங்கள் பாருக்குப் போயின. இதை ஆபீசில் சொல்லச் சொன்னார்கள் வலைக்காரர்கள். போனேன். காவல் படகு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஓட்ட ஆள் கிடையாது என்றார் கிளார்க். அன்றைக்குத்தானே வெட்டுகிறார்கள் என்று மென்று விழுங்கிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஃபைலைக் கட்டிக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை அழிஞ்சதைத் திங்கக்கிழமை வந்து சொல்லுங்கம்மா" என்றார்.

கூட்டம் போட்ட அறை

எல்லோரையும் ஒரு தடவையாவது சேர்த்து உட்கார வைக்கலாம் என்று வாத்தியாருக்கு ஆசை. கோயிலடிப் பழைய அறையைக் கேட்டு வாங்கினார். வீடு வீடாகப் போய் அழைத்தேன். காப்பிக்கும் சொல்லி வைத்தேன். முருகைக்கல்லைத் தொடக்கூடாது என்று வாத்தியார் ஆரம்பித்தபோது பின்னால் ஒரு சிரிப்பு. சங்குகுளி மிக்கேல் அண்ணன் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த அறை முழுக்க முருகைக்கல். கோயில் மதிலும் அதுதான், என் வீடும் அதுதான். வாத்தியார் தலை குனிந்துகொண்டார். மிக்கேல் அண்ணன் என் பக்கம் சாய்ந்து, "வெளிய போய்ப் பேசுவோம் தங்கச்சி, சுவரு கேட்டுக்கிட்டு இருக்கு" என்றார்.

குழாயடி

கடைசியில் வேலை நாளில் மட்டும் காவல் படகை அனுப்புவதாக ஆபீஸ் ஒப்புக்கொண்டது. போகும் நாளை வாத்தியார் என்னிடம் சொல்வார். வழிகாட்ட வரும் மிக்கேல் அண்ணனிடம் மட்டும் நான் சொல்ல வேண்டும். முதல் தடவையே ஒரு வள்ளம் பிடிபட்டது. அது என் அடுத்த வீட்டு அந்தோணியின் வள்ளம். வீட்டில் நானும் மகளும்தான். மறுநாள் வாசலில் யாரோ ஒரு முருகைக்கல்லை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வேறொன்றும் செய்யவில்லை. எறிந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். குழாயடியில் அந்தோணியின் பெண்டாட்டி என் குடத்தைக் காலால் தள்ளினாள். "ஏளா, கடலுக்கே காவல் போடுதவளுக்கு எங்க தெருத் தண்ணி எதுக்கு?"

ஆபீசின் சந்தேகம்

அதன் பிறகு காவல் படகு போனபோதெல்லாம் பாரில் வெறும் தண்ணீர்தான். சேதி எங்கோ கசிகிறது என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். படகோட்டிக்கு நாள் தெரியும், வாத்தியாருக்குத் தெரியும், மிக்கேல் அண்ணனுக்கும் தெரியும். ஆனாலும் எல்லாக் கண்ணும் என் மேல்தான். நான் அழாத குறையாக நின்றேன். கிளார்க் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, "அடுத்த வீடு கல் வள்ளக்காரர் வீடாமே?" என்றார்.

ஏலக்கரை

இரண்டு பக்கமும் என்னை நம்பவில்லை. மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை வாசலிலேயே நிற்க ஆரம்பித்தேன். அடுத்த தடவை வாத்தியார் நாளைச் சொன்னதும் மிக்கேல் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. மீன் ஏலம் விடும் இடத்துக்குப் போனேன். கூட்டத்தின் நடுவில் நின்று, வியாழக்கிழமை காலை காவல் படகு பாருக்குப் போகிறது என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். ஏலம் கூறியவர்கூட நிறுத்திவிட்டார். மிக்கேல் அண்ணன் என்னைப் பார்க்காமல் கரையோரமாக நடந்து போனார். அந்தோணி மட்டும் பீடியை அணைத்துவிட்டுக் கிட்டத்தில் வந்தான். "இப்பதாம் மதினி நீங்க ஒழுங்கா வேலை பாக்குதீய."

அன்றிலிருந்து என்னை யாரும் சந்தேகப்பட்டதில்லை, காளவாய்க்குக் கல் வருவதும் ஒரு நாளும் நின்றதில்லை.