ரத்த சொந்தத்தில் ஒரு ஜாமீன்

எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. சிதம்பரம் கோர்ட்டுக்குப் பக்கத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவளுக்குப் புத்தி அப்படித்தான் போகும். ஒரே நிலத்துக்கு அண்ணன் காலையில் வந்து மனு அடித்துக்கொண்டு போவார், தம்பி மாலையில் வருவார். இரண்டையும் நான்தான் அடித்துக் கொடுப்பேன். அதனால், விசாரணைக் கைதிகளுக்காகப் போராடுகிறோம் என்று ஒரு சங்கத்தார் எங்கள் வாசலில் வந்து நின்றபோது, ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

அப்போது என் தம்பி கடலூரில் ஜெயிலில் இருந்தான். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவன். அங்கே செம்புக் கேபிள் காணாமல் போக, அந்த ஷிப்டில் இருந்தவன் என்று சந்தேகத்தின் பேரில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜாமீன் கிடைத்துவிட்டது. கிடைத்தும் அவன் உள்ளேயே கிடந்தான். சொந்த வீடு உள்ள இரண்டு பேர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும், அதில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்று உத்தரவு. ஒருவராக என் கடை முதலாளி ஒப்புக்கொண்டார். எங்கள் ரத்தத்தில் சொந்த வீடு உள்ளவர் வடலூரில் இருக்கும் தாய்மாமா மட்டும்தான். தம்பிக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. கேஸ் ஆனதிலிருந்து அவர் எங்கள் போனை எடுக்கவில்லை.

சங்கம் கேட்டது சின்ன விஷயம். ஏழைக்கு ஜாமீன் கிடைத்தால் அவனுடைய சொந்தக் கையெழுத்திலேயே வெளியே விடுங்கள், வீடு வாசல் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். இதைச் சென்னையிலும் சொல்ல வேண்டும், டெல்லியிலும் சொல்ல வேண்டும். நியாயமாக இருந்தது. இவ்வளவு நியாயமாக இருக்கிறதே என்றுதான் எனக்குச் சந்தேகம் ஜாஸ்தியானது. எந்தக் கட்சி, அம்மா அழுவதை எதற்குப் போட்டோ எடுக்கிறீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டேன். சங்கத்தை நடத்திய வக்கீலம்மா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். அந்தப் பொறுமையும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சங்கத்தின் மனுவை நானே அடித்துக் கொடுத்தேன்.

தெருவில் அந்த மனுவுக்குக் கையெழுத்துக் கேட்டுப் போனால், "இது ஜாமீன் கையெழுத்து இல்லியே?" என்று கேட்டார்கள். கையெழுத்துப் போட்டால் நாளைக்கு என் தம்பி எங்காவது ஓடிப்போக, போலீஸ் தங்கள் கதவைத் தட்டும் என்று பயம். எதிர்வீட்டு அக்கா பேனாவைக் கையில் வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "நெருப்பில்லாம பொகையுமா, நீயே சொல்லு" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எம்.எல்.ஏ. ஒருவரைப் பார்த்தோம். "ஜாமீன் சட்டமெல்லாம் டெல்லில போடுறதும்மா" என்றார். கடலூருக்கு வந்திருந்த எம்.பி. ஒருவரைப் போய்ப் பார்த்தோம். "போலீசு, ஜெயிலு எல்லாம் ஸ்டேட்டு கையில இருக்கு, நீங்க அவுங்களத்தான் பாக்கணும்" என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது என்று வக்கீலம்மா சொன்னார். இப்படி அரை அரை உண்மைக்கு நடுவில்தான் என் தம்பி ஜெயிலில் உட்கார்ந்திருந்தான்.

கிளம்பும்போது எம்.பி. என்னைப் பார்த்துக் கேட்டார். "உன் தம்பி எடுத்தானா, இல்லியா?"

"அத கோர்ட்டு சொல்லட்டும் சார். அதுவரைக்கும் அவன் வீட்ல இருக்கணும். அதத்தான் கேக்குறோம்."

வக்கீலம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டியதும் அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எடுக்கலன்னு சொல்ல உனக்கு வாய் வரல, இல்ல?"

"சட்டப்படி அப்படித்தாம்மா பேசணும்."

"சட்டத்தக் கேக்கல. உன்னத்தான் கேக்குறேன்."

கேபிள் காணாமல் போன மாதத்தில்தான் அவன் கையில் புதுப் போன் வந்தது. தவணையில் வாங்கினேன் என்றான். ஜெயிலுக்கு மனுப் போட்டுப் பார்க்கப் போகும்போதெல்லாம் சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேட்டேனே தவிர, அதை மட்டும் கேட்கவில்லை. அவன் என்ன சொன்னாலும் நம்ப மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் சொல்லாமல் கொள்ளாமல் வடலூரில் மாமா வீட்டுக்குப் போய் நின்றோம். மாமா கதவைச் சாத்தவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீரும் கொடுத்தார்.

"கையெழுத்து போடுறேன்க்கா. நான் சொல்லி விட்ட எடம். அந்தக் கம்பெனி பக்கம் தல காட்ட முடியல. அவன் எடுக்கலன்னு கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணுங்க, நாளைக்கே கோர்ட்டுக்கு வர்றேன்."

சாமி படத்துக்கு முன்னால் தட்டை வைத்துக் கற்பூரத்தை ஏற்றினார். அம்மா எழுந்தாள். மாமா அவளைக் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ வா. நீதான் யாரையும் நம்பாதவளாச்சே. நீ அடிச்சா நான் நம்புறேன்."

"மாமா, அவன் எடுத்தானா இல்லியாங்கறது கேசு முடியும்போது பாக்குறது. ஜாமீனுக்கும் அதுக்கும்..."

"அத டெல்லில போய்ப் பேசு. இங்க கற்பூரம் எரியுது."

என் கை எழவில்லை. தம்பி ஜெயிலில் இருக்கிறான், ஒரு அடி அடித்தால் வெளியே வந்துவிடுவான், எல்லாம் தெரிகிறது. ஆனால் கை எழவில்லை. கற்பூரம் பாதி கரைந்துவிட்டது. அம்மா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "எம்புள்ள எடுக்கல" என்று உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தாள். நாங்கள் ஊர் ஊராக அலைந்து கேட்டது கிடைத்திருந்தால் என் அம்மா இப்படி நெருப்பில் கை வைத்திருக்க வேண்டாம். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது.

மாமா சொன்னபடி வந்து கையெழுத்துப் போட்டார். தம்பி வீட்டுக்கு வந்தான். அம்மா மீன்குழம்பு வைத்திருந்தாள். தட்டைப் பார்த்துக் குனிந்தபடியே சாப்பிட்டு முடித்தான். குளித்துவிட்டு, சட்டை எடுக்கப் பீரோவின் கைப்பிடியை இழுத்தான். திறக்கவில்லை. நாங்கள் அந்தப் பீரோவைப் பூட்டியதே கிடையாது, சாவி எப்போதும் கதவிலேயே தொங்கும்.

அம்மா எழுந்து வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்து, திறந்து, ஒரு சட்டையை உருவிக் கொடுத்துவிட்டு மறுபடி பூட்டினாள். தம்பி சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். பிறகு கேட்டான்.

"மாமாகிட்ட என்னா சொல்லி கையெழுத்து வாங்குனீங்க?"

"நீ எடுக்கலன்னு சொன்னேன்" என்றாள் அம்மா, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே.